காருக்குள் ஒரு கச்சேரி மேடை

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வாண்டு விழாவில் எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று செயலாளர் அவர்கள் எம்மைக் கேட்டபோது, "காரில் கம்பெனியார் பொருத்திக் கொடுக்கும் பாட்டுக் கருவியை மாற்றி அமைப்பது பற்றி" என்று விடை கூறினோம். அவர் சற்று நேரம் எம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஐயா, தமிழ்ச் சங்க மேடையாயிற்றே! சிலப்பதிகாரம் பற்றி ஏதேனும் பேசக் கூடாதா?" என்றார். சிலப்பதிகாரமும் வரும் என்று வாக்களித்த பிறகே எம் பெயரை நிகழ்ச்சி நிரலில் சேர்த்தார். அந்த வாக்கை இப்பேச்சின் இடையில் நிறைவேற்றுவோம்.

இப்பொருளை நாம் ஏன் எடுத்துக்கொண்டோம்? இந்நகரில் வாழும் நம்மில் பலர், விழித்திருக்கும் வேளையில் வீட்டுக் கூடத்தில் இருப்பதைக் காட்டிலும் காருக்குள் இருப்பதே மிகுதி. 2022ஆம் ஆண்டிற்கான டாம்டாம் நிறுவனத்தின் போக்குவரத்துக் கணக்கின்படி, பெங்களூரின் மையப் பகுதியில் 10 கிலோமீட்டர் தூரத்தைக் கடக்கச் சராசரியாக 29 நிமிடமும் 10 விநாடியும் ஆயின. உலக நகரங்களில் இரண்டாவது மெதுவான நகர் என்ற பட்டத்தையும் அது நமக்கு அளித்தது. சில்க் போர்டுச் சந்திப்பில் மாலை ஆறு மணிக்கு நின்றவர்கட்கு இக்கணக்கு வேண்டியதில்லை. 29 நிமிடம் என்பதே மிகக் குறைவு என்று அவர்கள் சாதிப்பார்கள்!

இன்னொரு காரணமும் உண்டு; அதுவே பெரிது. நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலம் பயில்கின்றனர், கன்னடம் பயில்கின்றனர், இந்தியும் பயில்கின்றனர். பயில்வது நன்றே, இந்த மண்ணில் வாழ்பவர் இந்த மண்ணின் மொழியைக் கற்பது கடமை. ஆனால் தமிழ் அவர்களுக்கு எவ்வழியாக வருகிறது? பெரும்பாலும் காதின் வழியாகவே வருகிறது. தாத்தா பாட்டி உடனிருந்தால் அவர்கள் பேச்சின் வழியாக வரும். இல்லையேல் பள்ளிக்குச் செல்லும் வழியிலும், விடுமுறைக்கு ஓசூர், கிருஷ்ணகிரி கடந்து ஊருக்குச் செல்லும் வழியிலும் காரில் ஒலிக்கும் பாட்டின் வழியாக வரும்.

எம் இளைய மகள் ஒரு பழைய பாடலை நாலைந்து ஆண்டுகளாகப் பாடி வந்தாள். அதில் வரும் 'வாழை' என்னும் சொல்லை 'வாலை' என்றே பாடுவாள். நாம் திருத்துவோம், அவள் "அப்படித்தானே அப்பா கேட்கிறது" என்பாள். ஒரு நாள் காரை நிறுத்திவிட்டு அவள் இருக்கும் பின்னிருக்கையில் அமர்ந்து அப்பாடலைக் கேட்டோம். அவள் சொன்னது மெய்யே. அங்கே ழகரமும் இல்லை, ளகரமும் இல்லை; மூன்று எழுத்துகளும் ஒரே கூழாகக் கரைந்து முழங்கால் மட்டத்தில் ஒலித்துக்கொண்டிருந்தன. குற்றம் குழந்தையினுடையதன்று, கதவிலிருந்த ஸ்பீக்கரினுடையது என்று அன்றுதான் உணர்ந்தோம். இம்முயற்சியில் இறங்கியதற்கு அதுவே தொடக்கம்.

கம்பெனியார் கொடுக்கும் ஸ்பீக்கர் ஏன் இவ்வாறு இருக்கிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். நடுத்தரக் குடும்பத்தார் வாங்கும் பல கார்களில், கதவின் அடிப்புறத்தில் ஆறரை அங்குல அகலமுள்ள ஒரே ஒரு காகிதக் கூம்பு இருக்கும். பின்புறம் சிறு காந்தம். சுற்றிலும் மெல்லிய பிளாஸ்டிக் சட்டம். மிருதங்கத்தின் தொப்பி ஒலியையும், பாடகியின் குரலையும், தாளத்தின் கிணுகிணுப்பையும் அந்த ஒரு கூம்பே சுமக்க வேண்டும். பெரிய கூம்பிற்கு ஓர் இயல்பு உண்டு. தாழ்ந்த ஒலிகளை அது எல்லாத் திசையிலும் பரப்பும். உயர்ந்த ஒலிகளையோ கைவிளக்கின் ஒளிக்கற்றை போல நேர் எதிரே மட்டும் வீசும். கதவின் கீழ்ப்பகுதிக்கு நேர் எதிரே இருப்பது எது? நம் கணுக்காலும் முழங்காலும். மெய்யெழுத்துகளை ஒன்றினின்று ஒன்று பிரித்துக் காட்டும் நுண்ணொலிகள் பெரும்பாலும் 1,000 முதல் 4,000 ஹெர்ட்சு வரையிலான பகுதியிலும் அதற்கு மேலும் உள்ளன. அவை முழங்காலைச் சேர்ந்து அங்கேயே அடங்கிவிடுகின்றன. முழங்காலுக்குத் தமிழ் தெரியாதன்றோ!

இதற்காகக் கார் செய்வோரைக் குறை கூறுவது முறையன்று. இலட்சக்கணக்கில் வண்டி செய்பவர் ஒரு வண்டிக்கு நூறு ரூபாய் மிச்சப்படுத்தினாலும் அது கோடிக்கணக்கில் நிற்கும். எடை, விலை, வெயில், மழை ஆகிய அனைத்தையும் எண்ணியே அவர் கருவியைத் தேர்ந்தெடுக்கிறார். பாட்டு அவர்க்குப் பத்தாவது கவலை. நமக்கோ அது முதற்கவலை.

காரில் பாட்டுக் கேட்கும் ஆசை இன்று நேற்று தோன்றியதன்று. அசையும் சுருளைக் கொண்டு கூம்பை இயக்கும் ஒலிபெருக்கியை அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்னும் இரு பொறியாளர்கள் 1925ஆம் ஆண்டில் விளக்கி வெளியிட்டனர். இன்று நம் கதவில் இருப்பதும் அதே தத்துவந்தான். ஐந்தே ஆண்டில், 1930இல், சிகாகோவைச் சேர்ந்த பால் கால்வின் என்பார் காரில் பொருத்தக்கூடிய வானொலியை மோட்டரோலா என்னும் பெயரில் விற்பனைக்குக் கொணர்ந்தார். அட்லாண்டிக் சிட்டியில் வானொலி உற்பத்தியாளர் மாநாடு கூடியபோது, அரங்கினுள் கடை விரிக்க இடமின்றி, தம் காரை வாயிலருகே நிறுத்தி வானொலியை உரக்க வைத்தே வணிகரை ஈர்த்தார் என்பர். அக்காலத்தில் ஒரு வங்கியாளரின் காரில் அவர் வானொலியைப் பொருத்திக் கொடுக்க, அரை மணிக்குள் அக்கார் தீப்பற்றிக்கொண்டது என்று ஒரு கதையும் சொல்லப்படுவதுண்டு. இக்கதையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். சிறிது நேரத்தில் அதற்கு வேலை இருக்கிறது.

நம் நாட்டிலும் இத்துறைக்கும் இம்மாநிலத்திற்கும் உள்ள உறவு சிறிதன்று. மைசூரில் உளவியல் பேராசிரியராக இருந்த கோபாலசுவாமி அவர்கள் தம் இல்லத்திலிருந்தே 1935இல் ஒரு வானொலி நிலையத்தைத் தொடங்கினார். 'ஆகாசவாணி' என்ற பெயர் அந்நிலையத்தோடு சேர்ந்தது. 1954இல் இந்நகரில் தோன்றிய பாரத் எலக்ட்ரானிக்ஸ், நாட்டில் வானொலிப் பெட்டி செய்தோர்க்கு வால்வும் டிரான்சிஸ்டரும் வழங்கிற்று. இந்த அவையில் அமர்ந்திருக்கும் முதியோர் சிலர் ஜாலஹள்ளியில் அந்த ஆலையில் பணிபுரிந்தவர்களே. 2001ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இந்தியாவின் முதல் தனியார் பண்பலை நிலையம் ஒலிக்கத் தொடங்கியதும் பெங்களூரில்தான். ஆகவே காரில் பாட்டுக் கேட்பதைப் பற்றிப் பேச நமக்கு ஓரளவு உரிமையும் உண்டு.

இனிச் செயலுக்கு வருவோம்.

கடைக்குச் செல்பவர் முதலில் மாற்ற எண்ணுவது முன்புறத் திரையுள்ள ஸ்டீரியோவை. பெரிய திரை, பல வண்ணம், கைப்பேசியில் உள்ளவை அனைத்தும் அதில் தெரியும் என்று கடைக்காரரும் அதையே காட்டுவார். எம் கருத்து இதற்கு மாறானது. இன்றைய கார்களில் அந்தத் திரை பாட்டுக்கு மட்டும் உரியதன்று. பின்புறக் கேமரா, ஸ்டீயரிங்கில் உள்ள பொத்தான்கள், சில வண்டிகளில் குளிர்சாதனத்தின் அளவுகூட அதனோடு பிணைந்துள்ளன. அதைப் பிடுங்கினால் ஐந்து வேலை கெடும். முதற்செலவு முன்கதவு ஸ்பீக்கர்களுக்கே ஆகட்டும். அதிலும் ஊஃபர் தனி, ட்வீட்டர் தனி, இரண்டிற்கும் ஒலியைப் பங்கிட்டுக் கொடுக்கும் கிராஸ்ஓவர் தனி என்று வரும் 'காம்பொனன்ட்' வகையே முன்னிருக்கைக்கு ஏற்றது. ஓர் அங்குல ட்வீட்டர் காதை நோக்கி மேலே நிற்கும்; கீழே உள்ள ஊஃபர் தாழ்ந்த ஒலிகளைப் பார்த்துக்கொள்ளும். பின்கதவுகட்கு இரண்டும் ஒரே சட்டத்தில் அமைந்த 'கோஆக்ஸியல்' வகை போதும். பின்னிருக்கையில் குழந்தைகள் அமர்வதால் அவற்றை அறவே விட்டுவிடலாகாது என்பது எம் அனுபவம். நுண்கலை வல்லுநர்கள் பின் ஸ்பீக்கரே வேண்டா என்பர். அவர்கள் தனியே கார் ஓட்டுபவர்கள்.

ட்வீட்டரை எங்கே பொருத்துவது என்பதில் ஓர் எச்சரிக்கை. முன்கண்ணாடியின் பக்கத் தூணில் வைப்பதே அழகு என்று பலர் துளையிடுகின்றனர். பக்கவாட்டுத் திரைப்பை, அதாவது கர்ட்டன் ஏர்பேக் உள்ள வண்டிகளில் அத்தூணுக்குள்தான் அப்பை மடிந்து கிடக்கிறது. விபத்து நேரும் கணத்தில் அது விரிய வேண்டிய வழியில் நாம் ஒரு கருவியைத் திருகி வைத்தால், காக்க வேண்டியதே தாக்கும். பக்கக் கண்ணாடியின் முக்கோண மூலை இருக்கிறது, டாஷ்போர்டின் ஓரம் இருக்கிறது, அங்கே வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து வாட்டுக் கணக்கு. ஜே.சி. சாலையை நீங்கள் அறிவீர்கள். டவுன் ஹாலில் தொடங்கி, ரவீந்திர கலாக்ஷேத்திரத்தைத் தாண்டி மினர்வா சதுக்கம் வரை செல்லும் அச்சாலையில் ஒரு பக்கம் கலை, மறுபக்கம் கார் அலங்காரம். அங்கே ஒரு கடையில் ஓர் இளைஞர் எம்மிடம் ஒரு பெட்டியை எடுத்து நீட்டி, "சார், இது ஆயிரத்து இருநூறு வாட்டு சார். எடுத்துட்டுப் போங்க, தெருவே அதிரும்" என்றார். "தம்பி, தெரு அதிர வேண்டா. ஆர்.எம்.எஸ். எவ்வளவு?" என்றோம். அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூலையில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் 60 என்றிருந்தது. "அட, அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்களே சார்" என்று அவர் சிரித்தார். நல்ல பிள்ளை, தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் உள்ளது ஒரு கணப்பொழுது தாங்கக்கூடிய உச்சம், ஆர்.எம்.எஸ். என்பதே தொடர்ந்து தாங்கும் அளவு. ஸ்டீரியோவின் முகப்பில் '50 வாட்டு, நான்கு' என்று பொறித்திருப்பார்கள். மொத்தம் 200 வாட்டு என்று நாம் மகிழ்கிறோம். அதன் முதுகைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று இருக்கும். எஞ்சின் ஓடும்போது மின்னழுத்தம் ஏறக்குறைய 14 வோல்ட்டு. 10 ஆம்பியர் என்றால் உள்ளே புகும் ஆற்றலே தொடர்ந்து 140 வாட்டு. அதில் கணிசமான பங்கு வெப்பமாகவே போய்விடும். 140 உள்ளே போய் 200 எப்படி வெளியே வரும்? வரவை மிஞ்சிய செலவு மாதக் கடைசியில் நம் வீட்டில் நடக்கலாம், மின்சாரத்தில் நடவாது. 14 வோல்ட்டை வைத்துக்கொண்டு 4 ஓம் ஸ்பீக்கருக்கு உள்ளிருக்கும் சிறு ஆம்ப்ளிபையர் கொடுக்கக்கூடியது கணக்குப்படி 25 வாட்டுக்குள், நடைமுறையில் 20 வாட்டை ஒட்டியே. அந்த 20 வாட்டு குறைவு என்று எண்ண வேண்டா. ஆற்றலை இருமடங்காக்கினால் ஒலி மூன்றே டெசிபெல் உயரும். காதுக்கு இருமடங்கு உரக்கக் கேட்க ஏறக்குறைய பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். ஆகவே வாட்டைத் துரத்துவதைவிட, குறைந்த ஆற்றலில் நிறைந்து ஒலிக்கும் ஸ்பீக்கரைத் தேடுவதே சிக்கனம். 'சென்சிடிவிட்டி' என்று ஒரு எண் தாளில் போட்டிருப்பார்கள். 87க்குப் பதில் 90 உள்ளதை எடுத்தால், வேறு செலவின்றியே ஆம்ப்ளிபையரை இருமடங்காக்கியதற்கு ஒப்பாகும்.

ஸ்பீக்கரை மாற்றிய பின்னும், நெடுஞ்சாலையில் சக்கர ஓசையும் காற்றோசையும் சேரும்போது இன்னும் சற்றுத் தெளிவு வேண்டும் என்று தோன்றினால் தனி ஆம்ப்ளிபையர் வைக்கலாம். நாம் வைத்தோம். அங்கேதான் கால்வினின் வங்கியாளர் கதை எம் கதையாயிற்று.

ஒரு பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு நகரில் ஒரு கடையில் நான்கு ஸ்பீக்கர்களை இயக்கும் ஆம்ப்ளிபையர் ஒன்றைப் பொருத்திக்கொண்டோம். எந்தக் கடை என்பது இங்கே வேண்டா. இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது. பாட்டு அருமையாக இருந்தது. விடியற்காலை புறப்பட்டு அத்திப்பள்ளி கடந்து, ஓசூர் கடந்து, சூளகிரியை நெருங்கும்போது ரப்பர் தீய்வது போன்ற ஒரு நாற்றம். முன்னே செல்லும் லாரியின் பிரேக் என்று முதலில் எண்ணினோம். பின்னிருக்கையில் பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருந்தனர். எம் மனைவியார்தாம் "லாரி போய் நெடுநேரமாயிற்றே, நாற்றம் போகவில்லையே" என்றார். ஓரங்கட்டி எஞ்சின் மூடியைத் திறந்தால், பேட்டரியிலிருந்து உள்ளே செல்லும் தடித்த சிவப்பு வயரின் உறை, அது இரும்புச் சுவரைத் துளைத்துச் செல்லும் இடத்தில் உருகிப் புகைந்துகொண்டிருந்தது. அவ்வழியே வந்த ஒரு லாரி ஓட்டுநர், கேட்பதற்கு முன்பே 10 எண் ஸ்பேனரோடு இறங்கி ஓடி வந்து பேட்டரியின் இணைப்பைக் கழற்றினார். "அண்ணே, பிள்ளைங்கள முதல்ல இறக்குங்க" என்று அவர் கூறிய சொல் இன்னும் எம் காதில் இருக்கிறது. அவர் பெயரைக் கேட்க எமக்குத் தோன்றவில்லை.

நிகழ்ந்தது யாதெனில், இரும்புச் சுவரின் துளைக்கு ரப்பர் வளையம் போடாமல் வயரைச் செருகியிருந்தனர். வண்டி அதிர அதிர இரும்பின் விளிம்பு உறையை அறுத்தது. செம்பு இரும்பைத் தொட்டது. அதுமட்டுமன்று. பேட்டரியின் அருகில் ஃபியூஸே இல்லை. ஃபியூஸ் ஆம்ப்ளிபையரில் இருக்கிறதே என்று பின்னர் அந்தக் கடையார் வாதாடினர். ஆம்ப்ளிபையரில் உள்ள ஃபியூஸ் ஆம்ப்ளிபையரைக் காக்கும். பேட்டரிக்கும் அதற்கும் இடையில் உள்ள நான்கு ஐந்து மீட்டர் வயரைக் காப்பது யார்? நல்ல நிலையில் உள்ள ஒரு கார் பேட்டரி, தடையின்றி இணைந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரத்தைக் கொட்டவல்லது. அதைத் தாங்கும் வயர் எவரிடமும் இல்லை. பேட்டரியிலிருந்து வயர் புறப்பட்டு ஒன்றரை அடிக்குள், ஏறக்குறைய 45 சென்டிமீட்டருக்குள், அவ்வயர் தாங்கும் அளவிற்கேற்ற ஒரு ஃபியூஸ் இருந்தே தீர வேண்டும். இது இத்தொழிலின் முதற்பாடம். "வண்டி எரியலையே சார்" என்று அவர்கள் சமாதானம் கூறினர்!

வயரைப் பற்றியும் ஒரு சொல். மலிவாகக் கிடைக்கும் பல வயர்களில் செம்பு மேற்பூச்சு மட்டுமே, உள்ளே அலுமினியம். ஒரே தடிமனுள்ள செம்பு வயரைவிட அதில் மின்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கு மேல். பேனாக் கத்தியால் ஒரு இழையைச் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் வாங்காதீர்கள். நாம் மறுபடி வேலை செய்தபோது முழுச் செம்பு வயர் வாங்கினோம். அது ஆம்ப்ளிபையரின் விலையில் நாலில் ஒரு பங்கு ஆயிற்று. வீட்டில் கேள்வி எழுந்தது. சூளகிரி என்ற ஒரு சொல்லைச் சொன்னோம், கேள்வி அடங்கிற்று.

கம்பெனி வயர்களை வெட்டக் கூடாது. இது அடுத்தது. ஒவ்வொரு வகைக் காருக்கும் பொருந்தும் இணைப்புக் குப்பிகள், 'கப்ளர்' என்று கடைகளில் வழங்குபவை, கிடைக்கின்றன. அவற்றை இடையில் செருகினால், வேண்டாதபோது பழையபடி கழற்றிவிடலாம். வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றினால், பின்னர் மின்சாரக் கோளாறு எது வந்தாலும் உத்தரவாதம் இல்லை என்று கூற அவர்கட்கு ஒரு காரணம் கொடுத்தவர்கள் ஆவோம். ஸ்டீரியோவை மாற்றாமலே, ஸ்பீக்கருக்குச் செல்லும் ஒலியை எடுத்துப் பெருக்கிக்கொள்ளும் ஆம்ப்ளிபையர்கள் இப்போது உள்ளன. ஆயின் பல கம்பெனிக் கருவிகள், ஒலியை உயர்த்த உயர்த்தத் தாழ்ந்த ஒலிகளைத் தாமே குறைத்துக்கொள்ளும். தம் சிறு ஸ்பீக்கர் கிழியாதிருக்க அவை செய்யும் தற்காப்பு அது. புதிய ஆம்ப்ளிபையர் வைத்தும் 'அடியில் கனம் இல்லையே' என்று வருந்துவோர் இதை முதலில் ஆராய வேண்டும்.

இப்போது எவரும் அதிகம் பேசாத, ஆனால் செலவிட்ட பணத்திற்கு மிகுந்த பயன் தந்த ஒன்றைக் கூறுவோம். அது கதவு. கதவு என்பது உள்ளே வெற்றிடமுள்ள ஒரு தகரப் பெட்டி. ஸ்பீக்கரின் முன்புறம் எழும் அலைக்கு நேர் எதிரான அலை பின்புறம் எழுகிறது. கதவின் உட்தகட்டில் உள்ள பெரிய துளைகளின் வழியே அப்பின்னலை வெளிவந்து முன்னலையோடு கலந்தால், தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. வெளித்தகடோ தானும் சேர்ந்து சலசலக்கிறது. ரப்பர் போன்ற பியூட்டைல் பசையின் மேல் அலுமினியத் தாள் ஒட்டிய விரிப்புகள் விற்கின்றனர். அவற்றை வெளித்தகட்டின் உட்புறம் ஒட்டி, உட்தகட்டின் துளைகளையும் மூடினால், அதே ஸ்பீக்கர் வேறு ஸ்பீக்கர் ஆகிவிடும். மிருதங்கத்திற்கு ரவையும் சாதமும் எதற்காகப் பூசுகிறார்கள் என்று வித்துவான்களைக் கேளுங்கள். பரப்பின் எடையை மாற்றினால் ஒலி மாறும் என்பதை நம்மவர் என்றோ அறிவர். இதில் இரண்டு எச்சரிக்கை. கதவின் அடியில் மழைநீர் வடியும் துளைகள் உண்டு; பெங்களூர் மழையை நம்பி அவற்றை அடைத்துவிடாதீர்கள், கதவு உள்ளிருந்தே துருவேறும். சில வண்டிகளில் பக்க மோதலை உணரும் அழுத்தக் கருவி கதவினுள் இருக்கும். அவ்வகை வண்டியில் துளைகளை மூடுமுன் தெரிந்தவரைக் கேட்க வேண்டும்.

செயலாளர் அவர்கட்கு அளித்த வாக்கு நினைவிலிருக்கிறது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில், மாதவி ஆடுமுன் இளங்கோவடிகள் எதைச் சொல்கிறார்? ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் ஆகியோரின் இலக்கணங்களைச் சொல்லி, பின் அரங்கின் அளவைச் சொல்கிறார். மூங்கிலைக் கொணர்ந்து அளவுகோல் செய்து, ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று மேடையை அமைக்கின்றனர். இடத்தை அளந்த பின்னரே இசை தொடங்குகிறது. காருக்குள் நாம் செய்ய வேண்டியதும் அதுவே. நம் நாட்டில் ஓட்டுநர் வலப்புறம் அமர்கிறார். வலக்கதவின் ஸ்பீக்கர் அவர்க்கு அருகில், இடக்கதவினது தொலைவில். நாம் அளவு நாடாவைப் பிடித்து அளந்ததில் வேறுபாடு இரண்டு அடி, அதாவது 60 சென்டிமீட்டர். ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 345 மீட்டர் செல்லும். ஆகவே இடப்புற ஒலி ஆயிரத்தில் ஒன்றே முக்கால் பங்கு விநாடி பிந்தி வருகிறது. அது ஒரு பொருட்டா என்று கேட்கலாம். காதுக்கு அது பொருட்டே. முந்தி வரும் திசையிலேயே பாடகர் நிற்பதாக மனம் முடிவு செய்துவிடும். இன்றைய கருவிகளில் வலப்புற ஒலியை அவ்வளவு நேரம் தாமதப்படுத்தும் வசதி உண்டு. அதைச் செய்த கணத்தில், கதவில் ஒட்டிக்கொண்டிருந்த பாடகர் எழுந்து வந்து முன்கண்ணாடிக்கு நடுவில் நின்றார். ஓட்டுநர்க்கு மட்டுமே அப்படி நிற்பார். அருகில் அமர்ந்த எம் மனைவியார் "எனக்கு முன்பு இருந்ததே நன்றாயிருந்தது" என்றார். குடும்பத்தோடு செல்லும்போது அவ்வசதியை அணைத்து வைக்கிறோம்.

சப்-ஊஃபர் பற்றி இளைஞர்கள் கேட்பார்கள். பன்னிரண்டு அங்குலப் பெட்டி ஒன்றைப் பின்புறம் வைத்தால் தவில் தவிலாகவே கேட்கும், ஐயமில்லை. ஆனால் ஊரிலிருந்து திரும்பும்போது அரிசி மூட்டை, புளி, முறுக்கு டின், அம்மா கட்டிக் கொடுக்கும் இன்னபிற எங்கே போகும்? சிறிய அடைப்பிடமாதலால் காரின் உட்புறம் மிகத் தாழ்ந்த ஒலிகளைத் தானே சற்றுப் பெருக்கித் தரும். ஆகவே இருக்கையின் கீழ் அடங்கும் எட்டு அங்குலத் தட்டைப் பெட்டி குடும்பத்திற்குப் போதும். அதையும் மெல்ல வையுங்கள்.

மெல்ல என்றதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவின் தொழில் நலக் கழகம் வகுத்த அளவின்படி, 85 டெசிபெல் ஒலியை ஒரு நாளில் எட்டு மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு மூன்று டெசிபெல் உயர்விற்கும் நேரம் பாதியாகக் குறையும். 94க்கு ஒரு மணி நேரம், 100க்கு வெறும் 15 நிமிடம். நல்ல ஸ்பீக்கரின் ஆபத்து இதுதான். கெட்ட ஸ்பீக்கர் உரக்க வைத்தால் கரகரத்து, நம்மைத் தானே குறைக்கச் செய்யும். நல்லது 100ஐத் தொட்டாலும் கரகரக்காது. காது தாங்குகிறது என்று ஏமாறுவோம். கைப்பேசியில் டெசிபெல் காட்டும் செயலியை இறக்கிக்கொண்டு, பிள்ளைகள் அமரும் இடத்தில் ஒருமுறை பாருங்கள். அது துல்லியமானதன்று, தோராயத்திற்குப் போதும். நம் குடியிருப்பின் உள்ளே நுழைந்ததும் குறைத்துவிடுவதும் வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபெல் என்று வரையறுத்துள்ளன. விதி கிடக்கட்டும், எதிர்வீட்டுக் கன்னட நண்பரின் தாயார் இரவு ஒன்பதுக்கே உறங்கிவிடுவார்.

முடிவாக, கடையில் கேட்டுத் தேர்வது எப்படி? கடைக்காரர் போடும் பாட்டைக் கேட்காதீர்கள். அது அவர் ஸ்பீக்கருக்காகத் தேர்ந்தெடுத்த பாட்டு. நாம் எடுத்துச் சென்றது 1962இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில், எஸ். ஜானகி அவர்களின் குரலும் காருகுறிச்சி அருணாசலம் அவர்களின் நாகசுரமும் மாறி மாறி வரும் பாடல். குரல் எங்கே முடிகிறது, நாகசுரம் எங்கே தொடங்குகிறது என்று தடுமாறும்படி இருவரும் இழைவர். மட்டமான ஸ்பீக்கரில் இரண்டும் ஒன்றாகிவிடும். நல்லதில் ஒன்றின் மூச்சும் மற்றொன்றின் சீவாளியும் தனித்தனியே தெரியும். அதன்பின் எவரேனும் பேசுவதைக் கேளுங்கள். ஒரு சொற்பொழிவு, ஒரு பட்டிமன்றம், எதுவாயினும் சரி. எழுத்துகள் பிரிந்து விழுகின்றனவா என்று பாருங்கள். எம் மகளை அன்று கடைக்கு உடனழைத்துச் சென்றோம். மூன்றாவது ஜோடியில் அவள் கை தட்டி, "அப்பா, வாழை!" என்றாள். அதையே வாங்கினோம். விலையில் அது நடுவில் இருந்தது.

எம் கார் இன்று மண்டபத்தின் வாயிலுக்கு இடப்புறம் வேப்பமரத்தடியில் நிற்கிறது. கேட்க விரும்புவோர் உணவு முடிந்தபின் வரலாம்; தத்தம் பாட்டைத் தாமே கொண்டுவருக. எஞ்சினை ஓட்டாமல் வைப்பதால் பேட்டரி கருதி ஆளுக்கு ஒரு பாட்டு மட்டுமே. பேட்டரியருகே உள்ள ஃபியூஸையும் திறந்து காட்டுவோம்.